கடைசி எண் மட்டும்

எங்கள் ஐவர் குழு கூடினால் ஒன்று செடி வளரும், இல்லையேல் சண்டை வளரும் என்பார்கள். இவ்வாண்டு இரண்டும் வளர்ந்தன.

அறிவியல் கண்காட்சிக்காகச் செம்மண், கரிசல் மண், மணல் ஆகிய மூன்றிலும் பச்சைப்பயறு விதைத்தோம். மண் ஒன்றுக்கு 5 தொட்டிகள். 14 நாட்கள் அளவுகோலும் கையுமாக அலைந்து உயரங்களைக் குறித்தோம். ஆக 210 எண்கள்! அவற்றைக் கணினியில் சேமிக்கப் பைத்தான் மொழியில் நிரல் எழுதினோம். மண்ணுக்கு ஒரு மடக்கு, அதனுள் தொட்டிக்கு ஒன்று, அதனுள்ளும் நாளுக்கு ஒன்று. அடுக்குச் சம்புடம் போல. ஒருத்தி வாசிக்க, மற்றவர்கள் முறைவைத்துத் தட்டச்சு செய்தோம். முடித்து, ஆவலோடு கோப்பைத் திறந்தால் ஒரே ஒரு பதிவு: மணல், ஐந்தாம் தொட்டி, பதினான்காம் நாள், 11.4 சென்டிமீட்டர்.

"நீதானேடி கடைசியாக உட்கார்ந்தாய்? எதை அழுத்தினாய்?" என்று ஒரு தோழிமீது பாய்ந்தோம். அவள் கண்ணைத் துடைத்தபடி பேருந்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஆசிரியை நிரலை வரி வரியாக வாசிக்கச் சொன்னார். கோப்பைத் திறக்கும் வரி மூன்றாம் மடக்கின் உள்ளே இருந்தது. அதுவும் 'டபிள்யூ' முறையில். அப்படித் திறந்தால் கோப்பில் முன்பிருந்தது முழுவதும் அழிந்துவிடும். 210 முறை திறந்து, 209 முறை நாங்களே துடைத்திருக்கிறோம்! அவ்வரி எழுதப்பட்டபோது ஐவரும் சுற்றி நின்று தலையாட்டியவர்கள்தாம்.

'டபிள்யூ'வை 'ஏ' ஆக்கிச் சில எண்களை இட்டுப் பார்த்தோம். பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. ஆனால் ஜேசான் கோப்பு முழுமையான ஒரே அமைப்பாக இருக்கவேண்டுமாம். திரும்பப் படிக்கும்போது, முதல் துண்டைத் தாண்டியதும் 'எக்ஸ்ட்ரா டேட்டா' என்று பிழை காட்டியது. பிறகு மடக்குகளுக்கு மேலே வெற்று டிக்ஷனரி ஒன்றை வைத்து, உள்ளே நிரப்பி, எல்லாம் முடிந்தபின் ஒரே முறை எழுதும்படி மாற்றினோம். ஒன்பதாம் தொட்டியில் மின்சாரம் போயிற்று! நினைவகத்திலிருந்த எட்டுத் தொட்டிகளும் அதனுடன் போயின.

கடைசியில், எழுதும் வரியை இரண்டாம் மடக்கில், ஒரு தொட்டி முடியும் இடத்தில் நிறுத்தினோம். ஒவ்வொரு தொட்டி முடிந்ததும் அதுவரை சேர்ந்த முழுவதும் கோப்பில் ஏறும். பழையது அழிந்தால் என்ன, புதியதில் அதுவும் இருக்கிறதே! ('செம்மண்' மட்டும் பின்சாய்கோடும் எண்களுமாகத் தெரிந்து எங்களைக் கலங்கடித்தது. 'என்ஷ்யூர் ஆஸ்கி'க்கு 'ஃபால்ஸ்' கொடுத்ததும் நல்ல தமிழாயிற்று.)

அம்முறை 210 எண்களையும் அந்தத் தோழியே வாசித்தாள். மன்னிப்புக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. முறுக்கு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினோம். குறிப்பேட்டிலிருந்து தலை நிமிராமலே இரண்டை எடுத்துக்கொண்டாள்.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் ஐவர்