மூளைக்கு ஒரு ரிங் ரோடு

பத்திரிகைக்காரனுக்குச் சொந்தக்காரர்கள் மத்தியில் ஒரு தனி மரியாதை உண்டு. அவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புவார்கள். நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்ததெல்லாம் டெபிட், கிரெடிட். ஆனாலும், யாருக்கு ஸ்கேன் எடுத்தாலும் டாக்டர் பார்ப்பதற்கு முன்பே ரிப்போர்ட் எனக்கு வாசிக்கப்பட்டுவிடும்.

பெரியப்பாவுக்கு 71 வயது. ஒரு வாரமாகத் தலைசுற்றல். மூளையின் ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் எம்.ஆர். ஆஞ்சியோகிராம் எடுத்திருந்தார்கள். அண்ணன் போனில் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"லெஃப்ட் பி.சி.ஏ. ஃபீட்டல் ஆரிஜின்னு போட்டிருக்குடா. ஃபீட்டல்னா வயித்துல இருக்கிற குழந்தைதானே? அப்பாவுக்கு எதுக்குடா அது?"

அடுத்த வரியைப் படிக்கச் சொன்னேன். 'நார்மல் வேரியன்ட்' என்று இருந்தது.

"நார்மல்னா நார்மல்னு எழுதிட்டுப் போகட்டும். அது என்ன வேரியன்ட்?"

நியாயமான கேள்வி. கொரோனாவுக்குப் பிறகு அந்த வார்த்தையைக் கேட்டாலே நமக்கு வயிற்றைக் கலக்குகிறதே!

மறுநாள் டாக்டர் முன்னால் பெரியப்பாவே நேரடியாகக் கேட்டுவிட்டார். "அப்போ 71 வருஷமா எனக்கு ரத்தம் தப்பான ரூட்லயா ஓடிட்டிருக்கு?"

"தப்பான ரூட் இல்லை சார், உங்க ரூட்" என்று சிரித்த டாக்டர், மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு படம் போட்டார். (தலைசுற்றலுக்குக் காரணம் உள்காதில் இருந்தது. அது தனிக் கதை.) அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் மூளை சுமார் 1.4 கிலோ. உடம்பு எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால், நாம் செலவழிக்கும் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே சாப்பிட்டுவிடுகிறது. சேமித்து வைக்கும் வழக்கமும் கிடையாது. சப்ளை முழுக்க நின்றால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடும். இவ்வளவு அவசரக்கார ஆசாமிக்கு நான்கு குழாய்கள் வழியாக ரத்தம் போகிறது. கழுத்தின் முன்பக்கம் இரண்டு, கழுத்தெலும்புகளுக்குள் நுழைந்து பின்பக்கமாக இரண்டு. மூளையின் அடிப்பாகத்தில் இவை எல்லாவற்றையும் சின்னச் சின்ன இணைப்புக் குழாய்கள் ஒரு வளையமாகக் கோத்திருக்கின்றன. ஊரைச் சுற்றி ரிங் ரோடு போடுகிறார்களே, அதே ஐடியா. ஒரு பாதையில் அடைப்பு என்றால், இன்னொன்றிலிருந்து சுற்றிக்கொண்டு வரலாம்.

இதற்கு 'வில்லிஸ் வளையம்' என்று பெயர். தாமஸ் வில்லிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த டாக்டர். 1664-ல் மூளையைப் பற்றி லத்தீனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதற்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர் கிறிஸ்டோபர் ரென். ஆமாம், பிற்பாடு லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய அதே ரென்தான். வில்லிஸுக்கு முன்பே சிலர் வளையத்தைப் பார்த்திருந்தார்கள். அது எதற்கு இருக்கிறது என்று விளக்கியதில்தான் இவர் பெயர் நின்றது. ஒரு பக்கக் குழாயில் மை கலந்த திரவத்தைச் செலுத்தினால் அது மறுபக்கமும் போய்ச் சேருகிறது என்று காட்டினார்.

அதைவிட சுவாரஸ்யம், அவர் அறுத்துப் பார்த்த ஒரு மனிதரின் உடல். வயிற்றுக் கட்டியால் இறந்தவர் அவர். மூளைக்குப் போகும் வலது முன்குழாய் கல் மாதிரி இறுகி, கிட்டத்தட்ட அடைத்தே போயிருந்தது. ஆனால், அந்த மனிதருக்குப் பக்கவாதம் வந்ததே இல்லை. கடைசி வரை தெளிவாக இருந்தார். எப்படி? அதே பக்கத்துப் பின்குழாய் மூன்று மடங்கு பருத்து, அண்ணன் வேலையைத் தம்பி பார்த்திருக்கிறான்!

இதுவரை சரி. ஆனால், பாடப்புத்தகத்தில் அழகாக வரைந்திருக்கும் முழு வளையம் எத்தனை பேருக்கு இருக்கிறது? எந்த அளவுகோலை வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். பல ஆய்வுகளில் பாதிப் பேருக்குக்கூட அப்படி இல்லை. சிலருக்குப் பின்பக்க இணைப்பு நூல் மாதிரி ஒல்லி. சிலருக்கு இணைப்பே இல்லை. மூளையின் பின்பகுதிக்குப் போகும் குழாய்க்கு, கருவில் இருக்கும்போது முன்குழாயிலிருந்துதான் ரத்தம் வரும். பிறகு பெரும்பாலோருக்கு அந்தப் பொறுப்பு பின்குழாய்க்கு மாறிவிடும். சிலருக்கு மாறாமல் அப்படியே நின்றுவிடும். பெரியப்பா இந்தக் கோஷ்டி. ஆக, புத்தகத்தில் இருக்கும் 'நார்மல்' ஆசாமிதான் மைனாரிட்டி!

அப்படியானால் ரேடியாலஜிஸ்ட் அதை ஏன் மெனக்கெட்டு எழுதுகிறார்? இங்கேதான் என் பி.காம். கைகொடுத்தது. கம்பெனி பேலன்ஸ் ஷீட்டின் அடியில் 'கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி' என்று ஒரு குறிப்பு வரும். இன்றைக்கு அது கடன் இல்லை. குறிப்பிட்ட ஒரு சம்பவம் நடந்தால் மட்டும் கடன். இதுவும் அப்படித்தான். கழுத்துக் குழாயில் அடைப்பை அகற்றும்போது அந்தக் குழாயைச் சற்று நேரம் கவ்வி மூடவேண்டும். வளையம் நன்றாக இருந்தால் மூளை தாக்குப்பிடிக்கும். இல்லாவிட்டால் சர்ஜன் தற்காலிகமாக ஒரு மாற்றுக் குழாயைச் செருகவேண்டியிருக்கும். முன்பக்கத்தில் ஒரு குழாய் ஒல்லியாக இருந்தால், மறுபக்கத்துக்குச் சுமை கூடும். சேருமிடத்தில் சுவர் பலூன் போல உப்பும் வாய்ப்பும் கொஞ்சம் அதிகம். மற்ற நாட்களில் அது சும்மா ஒரு வரி.

பக்கவாதம் வருகிற நாளில்தான் இந்தக் கணக்கு எல்லோருக்கும் நேர் ஆகிறது. பெரிய குழாய் ஒன்று அடைத்தால், சராசரியாக நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று 2006-ல் கணக்கிட்டார்கள். சராசரி என்பதுதான் இதில் கவனிக்கவேண்டிய வார்த்தை. ஒரே இடத்தில் ஒரே மாதிரி அடைப்பு வந்த இரண்டு பேரில், மாற்றுப்பாதை நன்றாக உள்ளவரின் மூளை பல மணி நேரம் பொறுக்கும். இன்னொருவருக்கு இரண்டு மணி நேரத்திலேயே பெரும்பகுதி போயிருக்கும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். குழாய் வழியாகக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சையை, ஸ்கேனில் மூளை இன்னும் தாக்குப்பிடிப்பது தெரிந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்று 2018-ல் வந்த ஆய்வுகள் காட்டின.

அந்தச் சிலரில் நாம் ஒருவரா என்று வாசலில் நின்று கண்டுபிடிக்க முடியாது. எங்கள் தெருவில் ஓர் அம்மாவுக்கு ராத்திரி சாப்பிடும்போது கை தொய்ந்து, பேச்சு குழறியது. "களைப்பா இருக்கும், தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று படுக்க வைத்தார்கள். கால் தேய்த்துவிட்டார்கள், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். எல்லாம் பாசத்தில் செய்ததுதான். விடிந்தபோது வலது பக்கம் மொத்தமாகப் போயிருந்தது. இன்றைக்கும் அந்த அம்மா பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் கையைத்தான் தட்டுகிறார்.

எனவே ரிப்போர்ட்டில் 'வேரியன்ட்' என்று பார்த்தால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாகக் காபி குடியுங்கள். ஆனால் வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால், கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" என்பதைத்தான்.