வளவு மூலையின் கறுப்பு மண்

எங்கள் வளவின் வடக்கு மூலையில் பல்லாண்டுகளாகப் புல்லும் முளைத்ததில்லை. வாப்பா வள்ளங்களின் எஞ்சின் திருத்தியவர். வடித்த கறுப்பு எண்ணெயை அம்மூலையிலேயே ஊற்றுவார். அக்காலத்தில் அதைத் தவறென்று எவரும் எண்ணவில்லை. கறையான் வராதென்று மெச்சியவர்களும் உண்டு.

அவர் மௌத்தான பின்னர் ஒருநாள் உம்மா, "மகன், அந்த மூலையில நாலு கத்தரிக் கன்று வைப்போமே" என்றார். மண்வெட்டியால் கொத்தினேன். ஒரு சாண் ஆழத்துக்குத் தார் போன்ற மண். எண்ணெய் நெடி முகத்தில் அடித்தது. சில பாகம் தள்ளித்தான் எங்கள் கிணறு.

1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியரின் தாக்குதலில் சீனன்குடா எண்ணெய்த் தாங்கி எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். எண்ணெயைத் தீயன்றி வேறெதுவும் தின்னாது என்றே நம்பியிருந்தேன். உயர்தரத்தில் உயிரியல் பயிலும் என் மகள் அதை மறுத்தாள். மண்ணில் வாழும் சில பற்றீரியாக்கள் எண்ணெயையே இரையாக்கி, அதன் பெரும் பகுதியைக் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாற்றிவிடுமாம். வங்காளத்திற் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி என்பார், 1971இல் அமெரிக்காவில் இதற்கெனவே ஒரு பற்றீரியாவை உருவாக்கினார். அதன் காப்புரிமை வழக்கு 1980இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமாகவே தீர்ந்தது.

"அதை எங்கே போய் வாங்குவது?" என்றேன்.

"வாங்கத் தேவையில்லை வாப்பா. நம்முடைய மண்ணிலேயே இருக்கும்; அதற்குக் காற்றும் பசளையும்தான் இல்லை."

எண்ணெயில் காபன் உண்டு. நைதரசனும் பொசுபரசும் போதாது. 1989இல் அலாஸ்காக் கரையில் கப்பல் எண்ணெய் கொட்டியபோதும், அங்கிருந்த பற்றீரியாக்களுக்காகக் கரையில் உரம் தெளித்தார்களாம்.

நாங்கள் மக்கிய மாட்டெருவும் வைக்கோலும் கலந்தோம். ஈரம் காயாமல் வாரந்தோறும் மண்ணைப் புரட்டினோம். மாரி மழையில் எண்ணெய் கிணற்றுப் பக்கம் ஓடாதிருக்க வரம்பு கட்டிப் பொலித்தீன் விரித்தோம். அயலார் சிரித்தனர். ஓராண்டு கழிந்தது, நெடி குறைந்து, ஓரத்தில் கோரை தலைகாட்டியது.

உம்மா கத்தரிக் கன்றுகளோடு வந்துவிட்டார். மகளோ தடுத்தாள். தேய்ந்த எஞ்சினிலிருந்து எண்ணெயிற் கலந்த உலோகங்களை எந்தப் பற்றீரியாவாலும் தின்று அழிக்க இயலாது. மண்ணைப் பரிசோதிக்காமல் காய்கறி வைக்கலாகாது என்றாள்.

"அப்ப ஒரு வருஷமா எதுக்கு மகன் மண்ணைக் கிளறினாய்?"

நான் கிணற்றைப் பார்த்தேனேயன்றிப் பதில் சொல்லவில்லை. உம்மாவின் கோபம் ஆற இரண்டு நாள் பிடித்தது. கன்றுகள் இப்போது வேற்று மண் நிரப்பிய சாக்குகளில் நிற்கின்றன. மூலையில் அவரே ஒரு செவ்வரத்தை நட்டார். அது நேற்று முதற்பூ பூத்தது.