அச்சிட்ட எலும்பும் அறுந்த நரம்பும்

"இதப் பாத்தனீங்களே பிள்ளையள்?" எண்டு மாமா போனை நீட்டினார். எங்கட குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் வந்த வீடியோ. வெளிநாட்டில் முள்ளந்தண்டையே பிரிண்டரில் அடித்துப் பூட்டுகிறார்களாம். கீழே கொட்டை எழுத்தில் 'இனி எவரும் எழுந்து நடக்கலாம்' என்று போட்டிருந்தது.

2009 இல் மாமாவின் முதுகில் செல்துண்டு பட்டது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, சக்கர நாற்காலிதான். வீடியோவைக் காட்டிவிட்டு அவர் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது என்னவென்று எங்களுக்குத் தெரியும். "தேடிப் பாத்துச் சொல்லுறம் மாமா" என்றோம்.

தேடினோம். வீடியோ முழுப் பொய்யில்லை. 2014 இல் பீஜிங்கில், பீக்கிங் பல்கலைக்கழக மூன்றாம் மருத்துவமனையில், லியூ சொங்ஜுன் தலைமையிலான குழு 12 வயதுப் பையன் ஒருவனின் கழுத்தில் புற்றுநோய் பிடித்த இரண்டாவது முள்ளென்பை அகற்றி, அந்த இடத்தில் அச்சிட்ட டைட்டானிய எலும்பை வைத்தது. 2015 இன் இறுதியில் சிட்னியில் சத்திரசிகிச்சை நிபுணர் ரால்ஃப் மொப்ஸ், கட்டி வளர்ந்திருந்த ஒருவருக்குக் கழுத்தின் மேல் இரண்டு முள்ளென்புகளையும் இப்படி மீளமைத்தார். தலையைத் தாங்குவதும் திருப்புவதும் அந்த இரண்டும்தான். சத்திரசிகிச்சை சுமார் 15 மணித்தியாலம் நடந்தது.

செய்யும் விதம் இன்னும் சுவாரசியம். முதலில் சீ.ரி. ஸ்கான். அதிலிருந்து நோயாளியின் எலும்பைக் கணினியில் அப்படியே உருவாக்குகிறார்கள். எங்கே வெட்டுவது, எந்தக் கோணத்தில் ஸ்குரூ இறக்குவது என்று வைத்தியரும் பொறியியலாளரும் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள். பிறகு டைட்டானியக் கலப்புலோகத் தூளை மெல்லிய படையாகப் பரப்பி, லேசராலோ இலத்திரன் கற்றையாலோ தேவையான இடத்தை மட்டும் உருக்கி, படைக்கு மேல் படையாக எழுப்புகிறார்கள்.

துண்டு முழுக்கத் திண்மமாக இருப்பதில்லை. கடற்பஞ்சு மாதிரித் துளைகள் விடுகிறார்கள். அந்தத் துளைகளுக்குள் நோயாளியின் சொந்த எலும்பு வளர்ந்து பிடித்துக்கொள்ளும். அதோடு, டைட்டானியம் எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பானது. பாரம் முழுவதையும் உலோகமே தாங்கினால், பக்கத்து எலும்பு வேலையில்லாமல் மெலிந்துபோகும். துளைகள் அந்த விறைப்பைக் குறைக்கின்றன. முன்பு பயன்படுத்திய டைட்டானிய வலைக்குழாய் சில வேளை மேல், கீழ் எலும்புக்குள் புதைந்து இறங்கிவிடும். ஆளுக்கு அளவாகச் செய்ததோ முகம் முகமாகப் பொருந்தும், பாரம் பரவும்.

குறையும் உண்டு. வடிவமைத்து அச்சிட்டு எடுக்க நாள் பிடிக்கும், அதற்குள் கட்டி வளர்ந்துவிடலாம். மேசையில் திட்டமிட்டதைவிடக் கூட வெட்ட வேண்டி வந்தால், செய்து வைத்த துண்டு பொருந்தாது.

வாசிக்க வாசிக்க எங்களுக்கும் புழுகம்தான். ஆனால் எந்தக் கட்டுரையிலும் மாமாவுக்குரிய பதில் இல்லை. இதெல்லாம் எலும்புக்கான வைத்தியம். முள்ளந்தண்டின் நடுவால் போகும் முண்ணாண் சிதைந்தால் அதை இன்னும் எந்தப் பிரிண்டராலும் அடிக்க முடியாது. சொல்லப்போனால், அந்த 15 மணித்தியாலமும் அவர்கள் பயந்து பயந்து வேலை செய்தது முண்ணாணில் கை பட்டுவிடக் கூடாதென்றுதான்.

ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். அந்த வீடியோவைக் குறூப்பில் போட்டது எங்களில் ஒருவர்தான். முழுதாகப் பார்க்கவுமில்லை, மாமாவும் அந்தக் குறூப்பில் இருக்கிறார் என்று யோசிக்கவுமில்லை.

அடுத்த நாள் பின்னேரம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். போட்டது நாங்கள்தான் என்பதையும் சொன்னோம். மாமா முந்தி மேசன் வேலை செய்தவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப சுவர் கட்டலாம், உள்ளுக்குப் போற வயர்தான் இழுக்கேலாது" என்றார்.

"ஓம் மாமா."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். சரி, அத விடுங்கோ. கக்கூசுக்குப் போற அந்தப் படியை உடைச்சுச் சாய்வாக் கட்டித் தருவியளே? தனியப் போக ஏலாமக் கிடக்கு."

இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருசம். ஒவ்வொரு கிழமையும் அந்தப் படியைத் தாண்டித்தான் நாங்கள் கிணற்றடிக்குப் போய் வந்திருக்கிறோம்.

சனிக்கிழமை இரண்டு பை சீமெந்து வாங்கினோம். எவ்வளவு சரிவு வேண்டுமென்று மாமாதான் கதிரையில் இருந்தபடி அளவு சொன்னார்.