எத்தனை முறை தட்டினால் திருடன்?

பொது ஐ.பி. முகவரியுடன் ஒரு சர்வரை இணையத்தில் இணைத்துவிட்டால், அதன் முகவரியை எவரிடமும் சொல்லாவிட்டாலும், சிறிது நேரத்திற்குள் முதல் தட்டல் வந்துவிடும். இதில் வியக்க ஒன்றுமில்லை. ஐ.பி. நான்காம் பதிப்பில் இருக்கும் முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘இசட்மேப்’ என்னும் கருவி, ஒரே கணினியிலிருந்து, ஒரு கிகாபிட் இணைப்பில், அந்த முகவரிவெளி முழுவதையும் ஒரு போர்ட்டுக்காக 45 நிமிடங்களுக்குள் தட்டிப் பார்த்துவிட்டது. உலகத்தை ஒரு வகுப்பு நேரத்திற்குள் சுற்றி வர முடியுமெனில், ஒரு துறையின் மூலையில் கிடக்கும் பழைய சர்வர் மட்டும் எப்படித் தப்பும்?

ஒரு கணினியில் டி.சி.பி. போர்ட்டுகள் 65,536. அவற்றில் மிகச் சிலவற்றின் பின்னால்தான் ஏதேனும் ஒரு சேவை காத்திருக்கும்: 22இல் எஸ்.எஸ்.எச்., 443இல் இணையதளம், 3306இல் தரவுத்தளம் என்பதுபோல. எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதே போர்ட் ஸ்கேன். தட்டுவோரைக் கண்டறிந்து பதிவு செய்யும் பைத்தான் நிரல் ஒன்றை எழுதுவது, வலையமைப்புப் பாதுகாப்பு படிக்கும் மாணவர்களுக்கு இன்று வழக்கமான பயிற்சி. முப்பது, நாற்பது வரிகளில் முடிந்துவிடும். முடிந்துவிட்டதாகத் தோன்றும் என்பதே சரி.

முதல் வடிவம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: சில போர்ட்டுகளில் சாக்கெட்டைத் திறந்துவைத்து, யாரேனும் இணைந்தால் அவருடைய முகவரியை ஒரு கோப்பில் எழுதுவது. இது நேர்மையான விருந்தாளியை மட்டுமே பிடிக்கும். டி.சி.பி. இணைப்புக்கு மூன்று படிகள் உண்டு: வருபவர் ‘சின்’ அனுப்புவார், சர்வர் ‘சின்-ஆக்’ என்று மறுமொழி தரும், வருபவர் ‘ஆக்’ அனுப்பி முடிப்பார். ஸ்கேன் செய்பவருக்கு இரண்டாம் படியே போதும். கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் ‘ரீசெட்’ அனுப்பி விலகிவிடுவார். இணைப்பு நிறைவுபெறாததால் நிரலின் ‘அக்செப்ட்’ வரி விழிப்பதேயில்லை. பதிவேடு வெறுமையாக இருக்கும், சர்வரின் கதவுகள் எல்லாம் எண்ணப்பட்டிருக்கும். 1997இல் ‘ஃப்ராக்’ இதழில் வெளிவந்த ‘என்மேப்’ கருவி இவ்வுத்தியை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது.

ஆகவே இரண்டாம் வடிவம்: ‘ஸ்கேப்பி’ நூலகத்தைக் கொண்டு, நிர்வாகி உரிமையுடன், வலையமைப்பு அட்டைக்கு வரும் பாக்கெட்டுகளை நேரடியாகப் பார்ப்பது. ஒவ்வொரு மூல முகவரிக்கும் அது தொட்ட போர்ட்டுகளின் கணம் ஒன்று. பத்து விநாடிக்குள் பதினைந்து வெவ்வேறு போர்ட்டுகளைத் தொட்டால் ‘தாக்குநர்’ என்று பதிவேட்டில் ஒரு வரி. ஏன் பத்து, ஏன் பதினைந்து? ஆய்வேட்டில் ‘அனுபவ அடிப்படையில் நிர்ணயிக்கப்பட்டது’ என்று ஒரு தொடர் இடம்பெறும். யாருடைய அனுபவம் என்று வாய்மொழித் தேர்வில் கேட்பவர் அரிது.

பொறுமையுள்ளவருக்கு அந்த எண்கள் ஒரு தடையே அல்ல. என்மேப்பின் வேக அமைப்புகளில் மிக மெதுவானது, இரு தட்டல்களுக்கு இடையே ஐந்து நிமிடம் காத்திருக்கும். அதன் வழக்கமான ஆயிரம் போர்ட்டுகளையும் அவ்வாறு தொட 5,000 நிமிடங்கள், அதாவது ஏறத்தாழ மூன்றரை நாள். பத்து விநாடிச் சாளரத்தில் இத்தகைய வருகையாளரின் இரண்டு தட்டல்கள் ஒருபோதும் சேர்ந்து விழா. சாளரத்தை ஒரு நாளாக நீட்டினால் நினைவகம் நிரம்பும். போலி மூல முகவரிகளை அள்ளி வீசி அந்த நினைவகத்தை நிரப்புவதே ஒரு தாக்குதலாகிவிடும்.

எனினும், தப்பிச் செல்பவரை விடப் பெரிய சிக்கல் தவறாகப் பிடிபடுபவர். பாடநூல்கள் முதலாவதைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாகப் பேசுகின்றன. இரண்டாமவருக்கு ‘பொய் நேர்மறை’ என்று ஒரு நெடுவரிசை ஒதுக்கி நகர்ந்துவிடுகின்றன. அந்த நெடுவரிசையில் இருப்பவர்கள் யாரென்று பார்ப்பது பயனுள்ளது.

முதலில், டி.என்.எஸ். சர்வர். பெயரை முகவரியாக மாற்றித் தருமாறு கணினி அதனிடம் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு போர்ட்டிலிருந்து கேட்கிறது. 2008இல் டான் கமின்ஸ்கி வெளிப்படுத்திய குறைபாட்டுக்குப் பின் அப்படிக் கேட்பதே பாதுகாப்பு என்றாயிற்று. மறுமொழிகள் அந்தந்தப் போர்ட்டுக்கே திரும்பி வரும். யு.டி.பி. பாக்கெட்டுகளையும் கணக்கிடும் எளிய நிரலுக்கோ, ஒரே முகவரி நூற்றுக்கணக்கான போர்ட்டுகளைத் தொடுவதாக இது தெரிகிறது. அந்த நிரலில் ‘கண்டறிந்தவுடன் தடை செய்’ என்ற வரியும் இருந்தால், ஒட்டுமொத்தத் துறையும் இணையமின்றித் தவிக்கும். காரணம் தேடுபவர் கடைசியாகத்தான் அந்த நிரலைப் பார்ப்பார்.

அடுத்து, பாதிக்கப்பட்டவரே குற்றவாளியாகப் பதிவாவது. எங்கோ ஒரு சர்வரைத் திணறடிக்க நினைப்பவர், போலி மூல முகவரிகளோடு ‘சின்’ பாக்கெட்டுகளைக் கொட்டுகிறார். தாக்கப்பட்ட சர்வர் அந்தப் போலி முகவரிகளுக்கெல்லாம் ‘சின்-ஆக்’ அல்லது ‘ரீசெட்’ அனுப்புகிறது. அவற்றில் சில இங்கு வந்து விழுகின்றன. 2001இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்து ஆய்வாளர்கள், இந்தச் சிதறல்களைச் சேகரித்தே உலகில் எவ்வளவு சேவைமறுப்புத் தாக்குதல் நிகழ்கிறது என்று மதிப்பிட்டார்கள். அவர்களுக்கு அடிபட்டவரின் முனகலாகக் கேட்டது, எல்லா டி.சி.பி. பாக்கெட்டையும் எண்ணும் நிரலுக்குத் தாக்குதலாகக் கேட்கிறது. ‘சின்’ மட்டும் ஏற்றப்பட்டு ‘ஆக்’ இல்லாத பாக்கெட்டுகளையே எண்ண வேண்டும் என்ற ஒரு நிபந்தனை இதைத் தீர்த்துவிடும். அந்த ஒரு நிபந்தனை விடுபட்ட நிரல்கள் ஏராளம்.

மூன்றாமவர் வேண்டுமென்றே மாட்டிவிடப்படுபவர். என்மேப்பில், உண்மையான ஸ்கேனுடன் வேறு முகவரிகளிலிருந்தும் ஸ்கேன் வருவதுபோலக் காட்டும் வசதி உண்டு. பதிவேட்டில் பத்து முகவரிகள் விழுந்தால் ஒன்பது பேர் எதையும் அறியாதவர்களாக இருக்கலாம்.

இவர்களுக்கு அப்பால், தட்டுவதைத் தொழிலாகவே அறிவித்துவிட்டுத் தட்டுபவர்களும் உண்டு. ‘ஷோடான்’, ‘சென்சிஸ்’ போன்ற தேடுபொறிகளும் பல்கலைக்கழக அளவீட்டுத் திட்டங்களும் இடைவிடாது ஸ்கேன் செய்கின்றன. மறுபுறம், 2016இல் பரவிய ‘மிராய்’ தீநிரல் தன்னையறியாமல் கையொப்பமிட்டுச் சென்றது: அதன் ‘சின்’ பாக்கெட்டுகளின் வரிசை எண், சேருமிட முகவரியாகவே இருக்கும். அந்த ஒப்பீட்டைச் செய்ய பைத்தானில் ஒரு வரி போதும். ஆனால் அந்த வரி சுட்டும் முகவரிக்குப் பின்னால் இருப்பவர் பெரும்பாலும் தாக்குநர் அல்லர். கடவுச்சொல்லை மாற்றாமல் ஒரு கண்காணிப்புக் கேமராவை வாங்கி மாட்டிய வீட்டுக்காரர்.

இவ்வளவு குழப்பத்துக்கு நடுவே, ‘எத்தனை தட்டலுக்குப் பின் சந்தேகிப்பது?’ என்னும் கேள்வியைக் கணிதமாக எதிர்கொண்ட ஆய்வுக்கட்டுரை ஒன்று 2004இல் வந்தது. ஜேயோன் ஜங், வெர்ன் பாக்ஸன், ஆர்தர் பெர்கர், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஹரி பாலகிருஷ்ணன் ஆகிய நால்வரும் எழுதியது. அவர்களின் அவதானிப்பு எளிமையானது: எங்கே போகிறோம் என்று தெரிந்து வருபவரின் முயற்சிகளில் பெரும்பாலானவை வெற்றி பெறும், துழாவுபவரின் முயற்சிகளில் பெரும்பாலானவை தோற்கும். எனவே எண்ண வேண்டியது தட்டல்களை அல்ல, வெற்றி தோல்விகளை. நல்லவரின் முயற்சி 80 விழுக்காடும் துழாவுபவரின் முயற்சி 20 விழுக்காடும் வெற்றி பெறும் என்று கொண்டால், ஒவ்வொரு தோல்வியும் சந்தேகத்தை நான்கு மடங்காக்கும். ஒவ்வொரு வெற்றியும் நான்கில் ஒன்றாகக் குறைக்கும். சந்தேகம் 99 மடங்கைக் கடந்தால் தீர்ப்பு என்று வைத்தால், தொடர்ந்து நான்கு தோல்விகள் போதும்: 64இல் நிற்காது, 256ஐத் தொட்டுவிடும். ஒரு கணினியின் போர்ட்டுகளுக்கன்றி, ஒருவர் புதிதாக அணுகும் வெவ்வேறு கணினிகளுக்கே அவர்கள் இதைப் பொருத்தினார்கள். தனிச் சர்வருக்கு மாற்றி எழுதும்போது அந்த விழுக்காடுகளை மீண்டும் அளந்தாக வேண்டும்.

இதன் வேர் ஆபிரகாம் வால்டின் தொடர்நிலைப் பகுப்பாய்வு. இரண்டாம் உலகப் போரின்போது, உற்பத்தியாகும் தளவாடங்களில் எத்தனையைச் சோதித்தபின் ஒரு தொகுதியை ஏற்கலாம், நிராகரிக்கலாம் என்ற கேள்விக்காகக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் உருவாக்கியது. இந்தியாவில் சொற்பொழிவாற்ற வந்த வால்டும் அவருடைய மனைவியும் 1950 டிசம்பரில் நீலகிரி மலையில் நேர்ந்த விமான விபத்தில் இறந்தார்கள். புள்ளியியல் வகுப்புகளில் அவர் பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. இந்த மலை அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை.

வால்டின் முறையில் ஒரு நிர்ப்பந்தம் உண்டு. தொடங்குவதற்கு முன்பே, ‘நிரபராதியைக் குற்றவாளி என்று சொல்லும் பிழையை எவ்வளவு ஏற்கத் தயார்?’ என்ற கேள்விக்கு ஓர் எண்ணை எழுதியாக வேண்டும். மேற்கண்ட 99 என்ற வரம்பு, அந்த எண்ணை ஒரு விழுக்காடாக எழுதியதிலிருந்து வருவது. நாளொன்றுக்கு 10,000 நல்ல முகவரிகள் வந்துபோகும் வலையமைப்பில் ஒரு விழுக்காடு என்றால் 100 முகவரிகள். ‘பத்து விநாடி, பதினைந்து போர்ட்’ என்று எழுதும் நிரலிலும் அந்தப் பிழை இருக்கிறது. எண் மட்டும் எழுதப்படவில்லை.

முகவரி என்பது ஒரு மனிதர் அல்ல என்பதை இந்தியச் சூழலில் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். கைப்பேசி நிறுவனங்கள் ஐ.பி. நான்காம் பதிப்பின் ஒரே பொது முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. அவர்களுக்குள் ஒருவரைப் பிரித்தறிய உதவுவது, அந்த நேரத்தில் அவருக்கு ஒதுக்கப்பட்ட மூல போர்ட் எண். இணையத் தரநிலைக் குழுவின் ஆர்.எஃப்.சி. 6302, மூல போர்ட்டையும் விநாடித் துல்லியமுள்ள நேரத்தையும் பதிவு செய்யுமாறு 2011இலேயே பரிந்துரைத்துவிட்டது. பயிற்சி நிரல்களோ, எந்தக் கதவு தட்டப்பட்டது என்பதைக் கவனமாக எழுதுகின்றன. தட்டியவரின் போர்ட்டை எழுதுவதில்லை. அப்பதிவேட்டின் ஒரு வரி, அந்த முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் அத்தனை பேரின் மீதும் சமமாகச் சந்தேகத்தைப் பரப்புகிறது.

அந்த வரி கோப்போடு நின்றுவிடுவதுமில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஒரு மாவட்டத்தின் அவசர அழைப்பு மையக் கணினிகளைப் பராமரித்த ஒப்பந்தக்காரர் ஒருவர், மற்றொரு நிறுவனம் பராமரித்த சர்வரை ஸ்கேன் செய்ததற்காகக் கைதானார். ஸ்கேன் செய்தது மட்டுமே அந்த வலையமைப்புக்குச் சேதம் விளைவித்ததாகாது என்று 2000இல் கூட்டாட்சி நீதிமன்றம் உரிமையியல் வழக்கில் கூறியது. கூறியது கைதுக்குப் பிறகு. இந்தியாவில், சர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, முக்கியமான அமைப்புகளைக் குறிவைத்த ஸ்கேன்களையும் ஆறு மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டிய நிகழ்வுகளில் சேர்க்கிறது. பதிவேடுகளை 180 நாள் பேணச் சொல்கிறது. கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இசைக்கச் சொல்கிறது. மூன்றாவது கட்டளை பலருக்குச் சடங்காகத் தோன்றியிருக்கும். உண்மையில் மற்ற இரண்டும் நிற்பது அதன் மீதே.

நிரலுக்குத் திரும்பினால், செய்ய வேண்டியவை சிலவே. நெடுவரிசையின் தலைப்பை ‘தாக்குநர்’ என்று வைக்காமல் ‘மூலம்’ என்று வைப்பது. கண்டதை ஒரு கோப்பிலும், கண்டதிலிருந்து ஊகித்ததை, எந்த வரம்பின்படி என்ற குறிப்போடு, வேறொரு கோப்பிலும் எழுதுவது. நிரல் பாக்கெட்டைக் கையிலெடுத்த நேரத்தை விடுத்து, பாக்கெட் வந்துசேர்ந்த நேரத்தை எழுதுவது. ஸ்கேப்பி மெதுவானது, நெரிசலில் இவை இரண்டும் விலகிவிடும். தடை செய்யும் முடிவை மனிதரிடம் விடுவது.

வளாகத்திற்குள் இவற்றின் தேவை இன்னும் கூர்மையாகும். காலை வகுப்பில் என்மேப் கற்ற முதலாண்டு மாணவி மாலையில் விடுதி இணைப்பிலிருந்து அதை முயன்று பார்க்கிறார் என்று கொள்ளலாம். துறையின் நிரல் 10இல் தொடங்கும் ஒரு முகவரியை இரவு 10:14க்குப் பதிவு செய்கிறது. அந்த நேரத்தில் அம்முகவரி யாரிடம் இருந்தது என்பது கணினி மையத்தின் முகவரி ஒதுக்கீட்டுப் பதிவில் மட்டுமே கிடைக்கும். துறையின் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடி, அந்த ஏழு நிமிடத்திற்குள் முகவரி கைமாறியிருந்தால், ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் கடிதம் வேறோர் அறைக்குப் போகும். தொடங்கும்போதும் அதன்பின் மணிக்கொரு முறையும், தன் கடிகாரம் நேர சர்வரிலிருந்து எத்தனை மில்லிவிநாடி விலகியிருக்கிறது என்பதைப் பதிவேட்டிலேயே எழுதிவைக்கும்படி நிரலைச் செய்யலாம். பத்து வரிக்கு மேல் ஆகாது.