கைநீட்டமும் பெரிய குடும்பத்தின் பண்டிகைச் செலவும்

1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும் வரை திருவிதாங்கூர் மரபில் வளர்ந்த கன்னியாகுமரி மாவட்டத்தில், சித்திரை விசு நாளில் மூத்தவர்கள் இளையவர்களுக்குக் காசு கொடுக்கும் கைநீட்டம் என்னும் வழக்கம் இன்றும் நிலைத்திருப்பதால், பண்டிகைக் கொடையின் செலவைக் குறைக்க விரும்பும் பெரிய குடும்பங்கள் அதைக் கூர்ந்து நோக்குவது நல்லது. அரிசி, வெள்ளரிக்காய், கொன்றைப்பூ, கண்ணாடி, நாணயம் ஆகியவை வைக்கப்பட்ட உருளியை விழித்தவுடன் பார்க்கும் கனி காணல் முடிந்தபின், வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவரையும் அழைத்துக் கையில் காசை வைக்கிறார். அக்கொடை மூத்தவரிடமிருந்து இளையவருக்கு மட்டுமே செல்வதாலும், பெற்றவருக்குத் திருப்பிச் செய்யும் கடப்பாடு இல்லாததாலும், பேரப்பிள்ளைகள் இருபது பேர் கூடினாலும் செலவு கைமீறுவதில்லை.

துணியின் நிலை வேறு. ஓணக்கோடி, அதாவது ஓணத்துக்கு எடுத்துக் கொடுக்கும் புத்தாடை, தீபாவளித் துணி, கிறிஸ்துமஸ் உடுப்பு ஆகியவற்றில் விலை ஒப்பீடு உடனே நுழைந்துவிடுகிறது. 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக் காலத்தில் அளிக்கும் 30 சதவீதத் தள்ளுபடியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தரத்தில் சேர்த்து எடுப்பது பணத்தையும் மனத்தாங்கலையும் ஒருசேரக் குறைக்கும்.

மாதந்தோறும் சிறு தொகை கட்டும் பண்டிகைச் சீட்டும் உதவக்கூடியதே; எனினும் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு செய்யப்படாத சீட்டு முறிந்தால், ஆண்டு முழுவதும் சேர்த்த பணத்தை மீட்பது மிகக் கடினம். தலைத்தீபாவளிச் சீருக்காக, அதாவது புதுமணத் தம்பதிக்குப் பெண்வீட்டார் செய்யும் முதல் தீபாவளிச் சிறப்புக்காக, வட்டிக்கு வாங்க வேண்டிய நிலைக்கு ஒரு தகப்பனைத் தள்ளுவது கொடுமை. அதை மாப்பிள்ளை வீட்டாரே முன்வந்து தடுக்க வேண்டும்.