நங்கூரம் எங்கே விழுகிறது

மாலைதீவின் சஃபாரி போட்டைப் பற்றி எங்கள் சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கத்தில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கல்முனை வட்டாரத்திலிருந்து அங்கே உழைக்கப் போன பிள்ளைகளின் போனில் எல்லோரும் பார்த்ததுதான். மூன்று தட்டு, ஏசி அறைகள், மேல்தட்டில் வெந்நீர்த் தொட்டி, கூடவே வரும் ஒரு தோணி. முக்குளிப்பவர்களின் சிலிண்டர்களும் அவற்றில் காற்று நிரப்பும் இயந்திரமும் அந்தத் தோணியில்தான் இருக்கும். ஒரு வாரம் கடலிலேயே தங்கி, ஆளில்லாத் தீவுகளைச் சுற்றி, நாளுக்கு மூன்று தடவை முருகைப் பாரில் இறங்குவதற்கு வெளிநாட்டார் ஆயிரக்கணக்கில் டொலர் கொடுக்கிறார்கள்.

என் ராத்தாவின் மகன் அப்படியொரு போட்டில் குசினியில் நிற்கிறான். லீவில் வந்தபோது அவன் சாப்பாட்டைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ அதிகம் பேசவில்லை. மணல் திட்டில் இரவு விருந்துக்காகப் பையன்கள் சேர்ந்து மணலிலேயே திமிங்கிலச் சுறா செய்து, சுற்றிவர விளக்கு வைப்பதைக் காட்டினான். போட்டின் பின்பக்க வெளிச்சத்துக்குச் சேரும் சிற்றுயிர்களைத் தின்ன கொம்புத்திருக்கைகள் வந்து கரணம் அடிப்பதைக் காட்டினான். பிறகு சொன்னான்: “மாமா, கப்டன் மொதல்ல தேடுறது மணலத்தான். கல்லுக்கு மேல நங்கூரம் உழுந்தா அண்டைக்கு அவருக்குச் சோறு எறங்காது.”

அந்தக் கப்டனின் பயம் நியாயமானது. ஏசியும் மெத்தையும் கொழும்பிலேயே கிடைக்கும். நடுக்கடலுக்கு ஆளைக் கூட்டி வருவது உயிரோடிருக்கும் முருகைக்கல். பார்த்தால் பாறை; ஆனால் எண்ணிலடங்காத சின்னஞ்சிறு உயிர்கள் சேர்ந்து கட்டியது அது. கிளைவிடும் சில வகைகள் வருடத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் வளரக்கூடும். உருண்டு திரளும் வகை ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே அதிகம். ஒரு வான் அளவுக்குத் திரண்டு நிற்கும் கல்லுக்கு நூற்றுக்கணக்கில் வயது இருக்கும். நங்கூரச் சங்கிலி ஒரே இழுவையில் அதை உடைத்துவிடும்.

உயிருள்ள கடலின் அருமையை மாலைதீவுக்காரர் பட்டுத்தான் படித்தார்கள். 1972இல் அங்கே முதல் உல்லாச விடுதி திறக்கும்வரை அது மீனை நம்பிய நாடு. தூண்டிலில் சூரை பிடித்து, அவித்து, புகையூட்டி, காயவைத்து அவர்கள் அனுப்பிய மாசியைத்தான் எங்கள் உம்மாமார் சம்பலில் இடித்துப் போட்டார்கள். 1998இல் எல் நினோவால் கடல் சூடேறியது. முருகைக்கல்லுக்கு உள்ளிருந்து உணவூட்டும் நுண்பாசி வெளியேற, கல் வெளுத்து, ஆழமில்லாத பார்களில் பெரும்பகுதி செத்தது. தேறி வந்ததை 2016 மறுபடியும் அடித்தது. சுறாவையும் ஒரு காலத்தில் செட்டைக்காகக் கொன்றார்கள். பேர்பெற்ற ஒரு முக்குளிப்பு இடத்தில் உயிரோடு திரியும் ஒரு சுறா வருடத்துக்கு 33,500 டொலர் வருமானம் தருகிறது, செத்த சுறாவுக்கு 32 டொலர்தான் என்று 1993இல் ஓர் ஆய்வு கணக்குக் காட்டியது. 2010இல் நாடு முழுக்கச் சுறா பிடிப்பதைத் தடைசெய்தார்கள்.

எங்கள் கிழக்கிலும் இதே செல்வம் இருக்கிறது. கல்முனைக் கரை மணற்கரை. முருகைக்கல்லைப் பார்க்க வடக்கே போக வேண்டும். பாசிக்குடா, 2019இல் கடல் சரணாலயமான காயாங்கேணி, அதையும் தாண்டினால் நிலாவெளிக்கு முன்னால் புறாத்தீவு. மட்டக்களப்புக்கு நேரே, 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் கப்பல் கிடக்கிறது. அதோடு 307 பேர் போனார்கள். இன்று அந்த இரும்பில் முருகையும் மீனும் குடியிருக்க, அதைப் பார்க்கவே உலகின் தேர்ந்த முக்குளிப்பாளர்கள் வருகிறார்கள்.

இந்தச் செல்வத்தை நாங்கள் நடத்திய விதத்தைச் சொல்ல மனம் வலிக்கிறது. வெள்ளைக்காரன் புறாத்தீவைச் சுட்டுப் பழகும் இடமாக வைத்திருந்தான். கல்குடாப் பக்கத்தில் முருகைக்கல்லைத் தோண்டிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினோம். 1988இல் வந்த சட்டத் திருத்தம்தான் அதைத் தடைசெய்தது. புறாத்தீவு 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. 1998இன் சூட்டில் ஹிக்கடுவையின் முருகை அழிந்தபோது புறாத்தீவுப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. அல்லாஹ் காத்துத் தந்ததை நாங்கள் காலால் மிதிக்கிறோம். விடுமுறை நாட்களில் அங்கே போய்ப் பாருங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் களைத்தவர்கள் இளைப்பாற ஏறி நிற்பது முருகைக்கல்லின் மேல்.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை மாலைதீவில் மழையும் காற்றுமாக இருக்கும்போது எங்கள் கிழக்குக் கடல் அடங்கித் தெளிந்திருக்கும். அதனால் சொகுசுப் படகுகள் இங்கேயும் ஒருநாள் வரத்தான் செய்யும். வரட்டும், எனக்கு மறுப்பில்லை. என் மருமகனைப் போன்ற பிள்ளைகள் பிறநாட்டுக் குசினியில் படித்ததை ஊரில் நின்று செய்யலாம். ஆனால் படகு வருவதற்கு முன்பே, நங்கூரம் போடாமல் அதைக் கட்டிவைக்க மிதவைகள் வேண்டும், நாளுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு வேண்டும், மலக்கழிவைப் பாருக்குப் பக்கத்தில் திறந்துவிடாத கட்டுப்பாடு வேண்டும். கடலைக் கேட்காமல் கட்டினால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரை கடலுக்குள் போனது. அதனால் வள்ளக்காரரை முதலில் கேளுங்கள். எந்த மாதம் நீரோட்டம் எப்படித் திரும்பும், கலவா எந்தக் கல்லில் நிற்கும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். கூலிக்கு நிற்கும் ஆட்களாக அவர்களை வைக்காமல் பங்காளிகளாகச் சேர்த்தால்தான் இந்தத் தொழில் நிலைக்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலை வேடிக்கை பார்க்கவே மனம் வராத வீடுகள் எங்கள் ஊர்களில் பல. அந்த வீடுகளின் பிள்ளைகள் இன்று முகமூடி மாட்டிக்கொண்டு, கடலுக்குள் தலையைக் கவிழ்த்துக் கிளிமீனைப் பார்த்துக் கூவுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை. ஆகவே பெருநாள் விடுமுறையில் வான் பிடித்து நிலாவெளிக்கும் பாசிக்குடாவுக்கும் போகும் குடும்பங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீந்தத் தெரியாத பிள்ளைக்கு மிதவைச் சட்டை போடுங்கள். அப்போது அது கல்லில் கால் ஊன்றாது. உடைந்த துண்டைக்கூட வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். படகு நிற்கப் போகும் நேரத்தில், “காக்கா, நங்கூரத்த மணல்ல போடுங்க” என்று ஓட்டுபவரிடம் சொல்லுங்கள். நாலு பேர் கேட்டால் அவர் செய்வார்.