மாமா வண்டிக்குப் பின்னால்...

செஞ்சிக்காரன் என்று சொன்னால் போதும், "ராஜா தேசிங்கு ஊரா?" என்று கேட்டுவிட்டு, ஏதோ நானும் குதிரையில்தான் வேலைக்குப் போய் வருகிற மாதிரி பார்ப்பார்கள். என்னிடம் இருப்பது ஒரு பழைய பைக். அதன் மேல் உட்கார்ந்தபடியே ஒரு ராத்திரி தேசிங்கு போன இடத்துக்கே போகத் தெரிந்தேன்.

திண்டிவனத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். மணி எட்டு இருக்கும். எதிரே வந்த பஸ் ஹெட்லைட்டை அப்படியே என் கண்ணில் கொட்டிவிட்டுப் போனது. ஒரு கணம் கும்மிருட்டு. கண் தெளிந்து பார்த்தால், மூக்குக்கு நேரே ஒரு வைக்கோல் போர் போய்க்கொண்டிருக்கிறது! பிரேக்கை மிதித்து, ஹேண்டில்பாரை ஒடித்து, ரோட்டோர மண்ணில் இறங்கி நின்றேன். சட்டைப் பாக்கெட்டில் வைக்கோல்.

விடுவேனா? டிராக்டரை மறித்து, டிரைவரின் அப்பன், பாட்டன் எல்லோரையும் இழுத்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்தார்.

"எங்கப்பன் உனக்குத் தாத்தாடா மாப்ளே!"

சாட்சாத் என் தாய்மாமா!

"பின்னாடி ஒரு லைட்கூட எரியலையே மாமா?"

"போன வாரம் எரிஞ்சுதே! நான் முன்னாடி பாத்து ஓட்றேன். பின்னாடி வர்றவன் பின்னாடி பாத்து வரட்டும்."

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 என்ன சொல்கிறது தெரியுமோ? பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமாம். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் விநாடிக்குச் சுமார் 14 மீட்டர். ஆக, சட்டம் எனக்குக் கொடுத்தது பதினோரு விநாடி. மாமா கொடுத்தது ஒன்று. 2025-ல் யுனெஸ்கோ எங்கள் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்க்க வரும்போது, வழியில் மாமாவின் டிரெய்லரையுமா பார்க்க வேண்டும்?

செஞ்சிக் கோட்டையை மொகலாயப் படை 1690-லிருந்து 1698 வரை முற்றுகை போட்டது. மாமாவை நான் முற்றுகை போட்டது இரண்டே நாள். அம்மா என் பக்கம் சேர்ந்ததும் கோட்டை விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர் என்று முடிவாயிற்று.

வீட்டிலிருந்து ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை எடுத்துக்கொண்டு கம்பீரமாகப் போனேன். ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்து, "எதிலேயும் கரண்ட் வரலை" என்று தீர்ப்பு சொன்னேன். பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியன் அண்ணன், "நீங்க எந்த சப்ஜெக்ட் தம்பி?" என்றார்.

"பி.காம்."

"அதான். அது வீட்டு லைனுக்கு. இந்த 12 வோல்ட்டுக்கு அது கண்ணே முழிக்காது."

அவருடைய டெஸ்டர் பார்க்கப் பரம ஏழை. ஒரு பைக் பேட்டரி, நடுவில் ஒரு ஃப்யூஸ், ஒரு 21 வாட் பல்பு, நுனியில் முதலை க்ளிப் மாட்டிய இரண்டு ஒயர். அவ்வளவுதான். முதலில் டிராக்டரை ஆஃப் பண்ணச் சொல்லி, டிரெய்லர் பிளக்கைக் கழற்றினார். டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். மாமா வாயிலிருந்த பீடியைப் பிடுங்கி எறிந்தார். "பேட்டரியில கேஸ் வரும். பக்கத்திலேயே வைக்கோலு வேற!"

"டிராக்டர் பேட்டரியிலேயே நேரா ஒரு ஒயரைப் போட்டுப் பாத்துடலாமே?" என்றேன்.

"உள்ள ஷார்ட் இருந்தா அது கொட்டற கரண்ட்ல ஒயர் பழுத்து உருகிடும். இதுல பல்பு நடுவுல காவலுக்கு நிக்குது. என் பல்பு முழுசா எரிஞ்சு வண்டி பல்பு செத்துக் கெடந்தா ஷார்ட். ரெண்டும் பங்கு போட்டு மங்கலா எரிஞ்சா லைன் நல்லா இருக்குது. ரெண்டுமே எரியலைன்னா எங்கேயோ அறுந்திருக்குது."

ஒரு க்ளிப்பைப் பிளக்கின் எர்த் முனையில் மாட்டி, மற்றதை இண்டிகேட்டர், பிரேக், டெயில் என்று வரிசையாக வைத்தார். எதிலும் எரியவில்லை. பிறகு டிரெய்லர் சட்டத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, எர்த் க்ளிப்பை அங்கே மாற்றினார். இண்டிகேட்டர் இரண்டும் எரிந்தன!

"எர்த் ஒயர் அறுந்துபோச்சு. இத்தனை நாளா டிராக்டரையும் டிரெய்லரையும் மாட்டற பின் வழியா கரண்ட் திரும்பிட்டு இருந்திருக்கு. பின்னுல கிரீஸ், மண்ணு. ஒரு பள்ளத்துல எரியும், அடுத்த பள்ளத்துல அணையும்."

'போன வாரம் எரிஞ்சுதே'யின் ரகசியம் இதுதான்! எனக்கும் சட்டென்று புரிந்தது. டெபிட் இருந்தால் கிரெடிட் இருக்க வேண்டும். போன கரண்ட் திரும்பி வராவிட்டால் கணக்கு எப்படி டாலி ஆகும்?

அடுத்து டெயில் லைட் முனை. அவருடைய பல்பு ஜெகஜோதியாக எரிந்தது, வண்டி பல்பு இருட்டு. ஷார்ட்! தேடினால், சட்டத்து ஓட்டையின் விளிம்பில் ஒயர் உரசி உரசிச் செம்பு பல்லிளித்தது. டிராக்டரின் ஃப்யூஸைத் திறந்தால், அங்கே ஃப்யூஸுக்குப் பதிலாக மாமா கட்டிய செம்புக் கம்பி! அதற்கு மேலேதான் அன்றைக்கு ஒரு லோடு வைக்கோல்.

மாமா ஒன்றும் பேசவில்லை.

புது எர்த் ஒயர், ஓட்டையில் ரப்பர் வளையம், சரியான ஃப்யூஸ். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்து, டிராக்டரில் பிளக்கை மாட்டி லைட்டைப் போட்டேன். மாமா தன் டிரெய்லருக்குப் பின்னால் ரோட்டோரமாகவே நடந்துபோனார். இருட்டில் வெகு தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். முன்னால் உட்கார்ந்தே ஓட்டியவருக்குப் பின்பக்கத்து லைட்டை இப்படிப் பார்த்துப் பழக்கமில்லை.

திரும்பி வந்தவர், "அவ்ளோ தூரத்துக்குத் தெரியுதுடா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கு நீ எவ்ளோ கிட்ட வந்தே?" என்றார்.

நான் கையை நீட்டிக் காட்டினேன். ஒரு முழம்.

மாமா எலக்ட்ரீஷியன் அண்ணனைப் பார்த்தார். "தம்பி, அந்த பேட்டரி செட்டு எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுப்பா."